லலிபெலாவும் மாத்தேராவும்: இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

குடைவரை_வாசகன் கேட்டது:

எத்தியோப்பிய மலைநாட்டு லலிபெலாவையும் தென்னித்தாலியின் மாத்தேராவையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். லலிபெலா, அம்ஹாரா மாநிலத்தில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில், தெஃப்பும் பார்லியும் விளையும் மலைச்சரிவுகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். மாத்தேரா, பசிலிகாட்டாவில் சுமார் 400 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 60,000 பேர் வாழும் நகரம். இரண்டும் பாறையைக் குடைந்து உருவானவை: லலிபெலாவில் பதினொரு தேவாலயங்கள், மாத்தேராவில் குகை வீடுகள். யுனெஸ்கோ பட்டியலில் லலிபெலா 1978இலும் மாத்தேரா 1993இலும் சேர்ந்தன. இதற்கு மேல் எழுதப் போனால் சுற்றுலாத் துண்டறிக்கை நடைதான் வருகிறது.

நான் கேட்க வந்தது இவை: குடைந்த முறை இரண்டிலும் ஒன்றுதானா? மழைநீரை எப்படிக் கையாண்டார்கள்? அங்கே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க எந்த மாதம் தோது? ஒரு பக்கம் ‘நகரம்’, மறுபக்கம் ‘கிராமம்’ என்று தலைப்பிட்டு அட்டவணை போட்டிருக்கிறேன். அதில் ஏதோ இடிக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை.

உளிச்சத்தம்:

முறை ஒன்றல்ல. திசையே வேறு. லலிபெலாவில் மேலிருந்து கீழே, மாத்தேராவில் முன்னிருந்து உள்ளே.

லலிபெலாவில் முதல் வேலை பாறைத் தரையில் நான்கு பக்கமும் அகழி தோண்டி நடுவில் ஒரு பெருங்கட்டியைத் தனியாக நிறுத்துவது. வெளிச்சுவரைச் செதுக்கிக்கொண்டே இறங்குவார்கள். தளம் இறங்க இறங்க ஆளும் இறங்குவதால் உயரமான சாரம் கட்டும் வேலை குறைவு. ஆனால் பிழைக்கு இடமில்லை. தூண் ஒரு கை மெலிந்துவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை. இன்னொரு தலைவலி சல்லி. செதுக்கிய கல் முழுவதும் குழிக்குள்ளேயே விழும், அதை மேலே ஏற்றியோ பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டியோ வெளியேற்ற வேண்டும். அந்த வெட்டுகளில் பல பின்னாளில் நடைபாதையாகவும் வடிகாலாகவும் பயன்பட்டன.

‘பதினொரு தேவாலயங்களும் ஒற்றைக்கல்’ என்று எழுதிவிடாதீர்கள். நான்கு பக்கமும் மேற்பக்கமும் பிரிந்து முழுமையாகத் தனித்து நிற்பவை நான்குதான் (‘பெத்த’ என்றால் இல்லம், தேவாலயப் பெயர்களின் முன்னொட்டு): பெத்த மெதனே அலெம், பெத்த மரியம், பெத்த அமானுவேல், பெத்த கியோர்கிஸ். பெத்த அப்பா லிபானோஸின் பக்கச் சுவர்கள் பாறையிலிருந்து விலகி நிற்கின்றன, கூரை மட்டும் மலையோடு ஒட்டியிருக்கிறது. மற்றவை பாதி குடைவு, பாதி முகப்பு. மெதனே அலெம் சுமார் 33 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம், 11 மீட்டர் உயரம். சிலுவை வடிவக் கியோர்கிஸ் சுமார் 12 மீட்டர் உயரந்தான், ஆனால் படம் எடுப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாக்வே மரபின் லலிபெலா மன்னர் (12ஆம் நூற்றாண்டின் இறுதி, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) எல்லாவற்றையும் எழுப்பினார் என்பது மரபுவழிச் செய்தி. பெத்த மெர்க்கோரியோஸும் பெத்த கப்ரியேல்-ரூஃபாயேலும் முதலில் தேவாலயங்களாக வெட்டப்பட்டவை அல்ல, அவருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய அரண் சார்ந்த வேலை என்று தொல்லியலாளர் டேவிட் ஃபிலிப்சன் வாதிட்டார். 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையும் பல கட்டங்களைக் காட்டுகிறது. குடைவரையில் எந்த வெட்டு எந்த வெட்டைக் கடந்து போகிறது என்று பார்த்தே முன்பின் வரிசையைச் சொல்லலாம். தரைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் வாசல் ஒன்றைக் கண்டால், முற்றம் பிற்பாடு ஆழப்படுத்தப்பட்டது என்று பொருள்.

மாத்தேராவுக்கு வருவோம். அங்கே கிராவினா பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவில் பக்கவாட்டில் குடைந்தார்கள். கல்லைச் சல்லியாக உடைக்காமல் கட்டிகளாக அறுத்தெடுத்தார்கள். அந்தக் கட்டிகளை வைத்தே குகை வாயிலுக்கு முன்னால் வளைவுக் கூரை போட்ட அறை ஒன்றைக் கட்டினார்கள். ஆக ஒரே வீடு, பின்பாதி குடைந்தது, முன்பாதி கட்டியது. ஒருவர் வீட்டுக் கூரை மேல்வரிசைக்காரருக்குத் தெரு. லலிபெலாவில் எடுத்த கல் கழிவு, மாத்தேராவில் எடுத்த கல் சரக்கு. உங்கள் அட்டவணையில் முதல் வரிசையாக இதைப் போடலாம்.

பாறையும் வேறு. இரண்டையுமே எரிமலைச் சாம்பல் கல் என்று எழுதும் வழிகாட்டிப் புத்தகங்கள் நிறைய. லலிபெலாவில் இருப்பது பசால்ட் வகையைச் சேர்ந்த, புரைகள் நிறைந்த செந்நிற எரிமலைக் கல். மாத்தேராவின் கல்லுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமே இல்லை. அது சிப்பி, கடலுயிர் ஓட்டுத் துகள்கள் படிந்து இறுகிய சுண்ணக்கல், கால்கரெனைட். சுவரை உற்றுப் பார்த்தால் சிப்பியே தெரியும்.

வாட்டம்_முக்கியம்:

மேலே சொன்னது சரி. தண்ணீர் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. மாத்தேரா நீரைப் பிடித்து வைக்க வெட்டப்பட்ட ஊர். லலிபெலா நீரைத் தள்ளிவிட வெட்டப்பட்ட இடம்.

மாத்தேராவில் மழை பெரும்பாலும் இலையுதிர், குளிர்காலங்களில். கோடை வறட்சி. கிராவினா ஓடையோ பள்ளத்தாக்கின் அடியில், குடத்தோடு ஏறி இறங்கக் கட்டுப்படியாகாது. அதனால் கூரைநீர், முற்றத்துநீர் எல்லாவற்றையும் கால்வாய் வழியே தரைக்கடியில் மணி வடிவத் தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள். வாய் குறுகல், அடி அகலம்: ஆவியாதல் குறையும், வெளிச்சம் படாததால் பாசி பிடிக்காது. தொட்டியிலிருந்து தொட்டிக்கு வழியவிட்டால் மண் முதலாவதிலேயே தங்கிவிடும். கால்கரெனைட் நீரை உறிஞ்சும் கல் என்பதால் உள்ளே ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்புக் காரை, அதாவது சுர்க்கிப் பூச்சு, கட்டாயம். பூச்சு ஒரு இடத்தில் விட்டால் நீர் பாறைக்குள் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஓதமாக ஏறும்.

இந்த முறையின் உச்சம் விட்டோரியோ வெனெத்தோ சதுக்கத்துக்கு அடியில் உள்ள பலொம்பாரோ லுங்கோ. சுமார் 15 மீட்டர் ஆழம், கொள்ளளவு ஏறக்குறைய 50 லட்சம் லிட்டர். 19ஆம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்டது. 1920களில் அபூலியக் குழாய்நீர் வந்ததும் பயன்பாட்டிலிருந்து விலகி, 1991இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

எங்கே கெட்டது? மக்கள்தொகை பெருகியபோது தொட்டிகளும் தொழுவங்களும் குடியிருப்பாக மாறின. நீரைச் சுமந்த இடம் படுக்கையறை ஆனால் ஓதம் போகாது. கழிவுநீரும் மழைநீரும் ஓடிய இரண்டு இயற்கை வடிகால்கள், கிராபிலியோனி என்பார்கள், 1930களில் மேலே சாலை போட்டு மூடப்பட்டன.

லலிபெலாவில் கணக்கு தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை, குறிப்பாக ஜூலை, ஆகஸ்டில், கொட்டித் தீர்க்கும். தேவாலயமோ குழிக்குள் இருக்கிறது. குழி என்றால் தொட்டி. வடிகால் இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் நிரம்பிவிடும். எனவே கூரையில் வாட்டம், ஓரத்தில் நீர்த்தாரை, முற்றத்தில் வாட்டம், அங்கிருந்து அகழி, அகழியிலிருந்து யோர்தானோஸ் ஓடை. இதில் ஏதாவது ஒரு கண்ணி அடைத்தாலும் சேதம் சுவரின் அடியில் தெரியும்: நீர் தேங்கி, கல் ஊறி, உலரும்போது உப்புப் பூத்து, மேல்தோல் செதில் செதிலாக உதிரும். மேல்பக்கம் அழகாக இருந்து அடி அரித்திருந்தால் முற்றத்து வடிகாலை முதலில் பாருங்கள்.

விரிசல் அடுத்த பிரச்சினை. புரைக்கல்லில் இயற்கையாகவே செங்குத்துப் பிளவுகள் உண்டு. நீர் அதன் வழியே இறங்கும்போது சிதைந்த பாறையிலுள்ள களிமண் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். ஆண்டுதோறும் இப்படி நடந்தால் பிளவு அகலமாகத்தான் செய்யும்.

பயணப்பை:

எந்த மாதம்னு கேட்டிருந்தீங்க, அக்டோபர். லலிபெலால மழை விட்டு மலை பச்சையா இருக்கும், மாத்தேரால கோடை வெயில் தணிஞ்சிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு ஊருக்குமே வேண்டாம்: அங்க மழை, இங்க கல்லு கொதிக்கும்.

திருவிழா பார்க்கணும்னா சேர்த்துப் போக முடியாது. லலிபெலால கென்னா, அதாவது கிறிஸ்துமஸ், ஜனவரி 7. பெத்த மரியம் முற்றத்தைச் சுத்தி பாறை விளிம்புல வெள்ளை உடுத்தின குருமார்கள் வரிசையா நின்னு பாடுவாங்க. ஜனவரி 19இல் திம்கத், அதாவது இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடுற விழா. மாத்தேராவோட புரூனா விழா ஜூலை 2, காகிதக்கூழ்ல செஞ்ச தேரை ராத்திரி கூட்டமே பிய்ச்சு எடுத்துடும்.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி பாதுகாப்பு நிலவரம் பாருங்க. 2021 ஆகஸ்ட்ல திக்ராய் படைகள் லலிபெலாவைப் பிடிச்சாங்க, டிசம்பர் வரைக்கும் கை மாறிக்கிட்டே இருந்துச்சு. 2023 ஆகஸ்ட்லேருந்து அம்ஹாராவுல அரசுப் படைக்கும் ஃபானோங்கிற உள்ளூர் ஆயுதக் குழுக்களுக்கும் மோதல். டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க வெளியுறவு அமைச்சகம் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு, போற வாரம் இன்னொரு தடவையும் பாருங்க. போறதா இருந்தா அடிஸ் அபாபாவிலேருந்து விமானம்தான், தரைவழி 600 கி.மீ.க்கு மேல, கஷேனா வழியா மலைப்பாதை.

குழப்புற ஒரு விஷயம் கடிகாரம். எத்தியோப்பியாவுல உள்ளூர் நேரம் சூரியன் உதிக்கிறதிலேருந்து எண்ணுவாங்க. காலை 7 மணியை ஒரு மணின்னு சொல்வாங்க. வண்டிக்காரர் ‘ரெண்டு மணிக்கு வரேன்’னா அது காலை 8. ‘ஐரோப்பிய நேரமா, உள்ளூர் நேரமா’ன்னு கேட்டுக்கோங்க. மதிய நேரத்துல தேவாலயங்கள் சாத்தியிருக்கும், அதனால காலைல ஒரு தொகுதி, மதியத்துக்கு மேல இன்னொண்ணுன்னு பிரிச்சுக்கோங்க. செருப்பு வெளியில, தடிமனான காலுறை அவசியம். விரிப்புகள்ல தெள்ளுப்பூச்சி உண்டு, காலுறை மேல பூச்சிமருந்து அடிச்சுக்கலாம். தென்கிழக்குத் தொகுதியில ஒரு சுரங்கப்பாதை கும்மிருட்டு, டார்ச் இருந்தா தலை தப்பும். முதல் நாள் படியேறினா மூச்சு வாங்கும், 2,500 மீட்டர்ங்கிறதை மறக்கக்கூடாது.

மாத்தேராவுக்கு பாரி விமான நிலையம், அங்கிருந்து 60 கி.மீ. சொச்சம். பாரி ஊருக்குள்ளேயிருந்து போற குறுகிய தடத்து ரயில், அபூலோ லூகானே, ஞாயித்துக்கிழமையில நம்பாதீங்க, பேருந்து பாருங்க. சாஸ்ஸிக்குள்ள, அதாவது பழைய குகை வீட்டுப் பகுதிக்குள்ள, வெளியார் காருக்குத் தடை, சக்கரப்பெட்டி படிக்கட்டுல உருளாது. முதுகுப்பை போதும்.

கிராவினா_ஓரம்:

அட்டவணையில் இடிப்பது என்னவென்று நான் சொல்கிறேன்: எந்த ஆண்டின் மாத்தேராவை வைத்திருக்கிறீர்கள்? இன்றைய மாத்தேராவையும் இன்றைய லலிபெலாவையும் பக்கத்தில் வைத்தால் ‘நகரம், கிராமம்’ என்றுதான் தோன்றும். 1950ஆம் ஆண்டு மாத்தேராவை வைத்துப் பாருங்கள். சாஸ்ஸியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள், குத்தகை உழவர்கள். விடியும் முன் கோவேறு கழுதையோடு தொலைவிலுள்ள வயலுக்குப் போய் இருட்டியபின் திரும்பினார்கள். கழுதை தூங்கியதும் அதே குகையில். மலேரியா, குழந்தைச் சாவு இரண்டும் அதிகம். மறுபக்கம், லலிபெலா மன்னர் காலத்தில் லலிபெலா (அப்போது ரோஹா) சாக்வே அரசின் தலைநகரம். ஆகவே ‘ஐரோப்பிய நகரம்’ ஓர் உழவர் ஊராக இருந்தது, ‘ஆப்பிரிக்கக் கிராமம்’ ஒரு தலைநகராக இருந்தது. அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள்.

மக்கள் என்ன ஆனார்கள் என்றால், மாத்தேராவில் கதை சட்ட எண்களோடு கிடைக்கிறது. 1948இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தோலியாத்தி வந்து தேசிய அவமானம் என்றார். 1950இல் பிரதமர் தெ காஸ்பெரி வந்தார். 1952 மே 17இன் 619ஆம் எண் சட்டம் சாஸ்ஸியைக் காலிசெய்யச் சொன்னது. ஏறக்குறைய 15,000 பேர் லா மார்த்தெல்லா, ஸ்பீனே பியாங்கே, செர்ரா வெனெர்தி போன்ற புதுக்குடியிருப்புகளுக்கு மாறினார்கள். வீடு நல்ல வீடு. போனது ‘விச்சினாத்தோ’, அதாவது சில வீடுகள் கூடி ஒரு முற்றத்தையும் கிணற்றையும் பங்கிட்டு வாழ்ந்த ஏற்பாடு. அதைச் சட்டத்தால் மறுபடி கட்ட முடியவில்லை. காலியான குகைகள் அரசுக்குச் சொந்தமாகி முப்பது ஆண்டு பாழடைந்தன. 1986இன் 771ஆம் எண் சட்டம் அவற்றைப் பழுதுபார்க்கவும் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடவும் வழிசெய்தது. 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டமும் வந்தது. திரும்பி வந்தவர்களில் பழைய குடிகளைவிட விடுதி நடத்துபவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள்.

லலிபெலாவில் தேவாலயங்களுக்குள் குடும்பங்கள் வாழவில்லை. ஆனால் ஓரத்தில் வாழ்ந்தார்கள்: செங்கல்நிறக் கல்லால் வட்டமாக எழுப்பி மேலே கூரை வேய்ந்த இரண்டடுக்கு வீடுகள், லலிபெலாவைச் சுற்றியுள்ள லாஸ்தா பகுதிக்கே உரியவை. பாதுகாப்பு வேலைகளுக்காகத் தேவாலயங்களை ஒட்டியிருந்த குடிகளும் இடம் மாற்றப்பட்டார்கள். அதனால் ‘மாத்தேரா காலியானது, லலிபெலா உயிரோடு இருக்கிறது’ என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. வழிபாடு உயிரோடு இருக்கிறது, அது உண்மை. சனிக்கிழமைச் சந்தையும் இருக்கிறது. அக்கம்பக்கம் மட்டும் தள்ளிப்போய்விட்டது.

குடைவரை_வாசகன்:

அட்டவணைத் தலைப்பை எடுத்துவிட்டேன், நன்றி. ஒரு துணைக்கேள்வி. லலிபெலாவில் மழைதான் எதிரி என்றால், 2008இல் போட்ட பெரிய கூரைகளோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டுமே? ஏன் அதை அகற்றச் சொல்கிறார்கள்?

உளிச்சத்தம்:

கூரை போட்டது ஐந்து தேவாலயங்களுக்கு, நான்கு கூரைகள். மெதனே அலெமுக்கு ஒன்று, மரியமும் அதன் பக்கத்திலுள்ள பெத்த மெஸ்கெலும் சேர்த்து ஒன்று, அமானுவேலுக்கு ஒன்று, அப்பா லிபானோஸுக்கு ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி, எஃகுத் தூண்கள், மேலே சவ்வுத்துணி. தற்காலிகம் என்றுதான் போட்டார்கள்.

மழையைத் தடுப்பதில் குறையில்லை. சிக்கல் தூண் நிற்கும் இடத்தில். பாறைக்கடியில் என்னென்ன குடைவு, எங்கே பிளவு என்று முழுசாகத் தெரியாத தளத்தில் பளுவை இறக்கியிருக்கிறார்கள். பெருங்காற்று வந்தால் கூரை மேலே இழுக்கும், அந்த இழுவிசையும் அதே பாறைக்குத்தான் போகிறது. கழன்று விழுந்தால் கீழே இருப்பது மாற்று இல்லாத பொருள். 2018 அக்டோபரில் ஊர்மக்களே தெருவில் இறங்கினார்கள். 2019 மார்ச்சில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் வந்து உதவி அறிவித்தபின் பிரெஞ்சு-எத்தியோப்பியக் கூட்டு வேலை தொடங்கியது.

மாற்று வழி உண்டு, ஆனால் மெதுவான வழி. பெத்த கப்ரியேல்-ரூஃபாயேலில் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு செய்தது: பழைய ஒட்டுவேலைகளை எடுத்து, கூரையின் வாட்டத்தைச் சரிசெய்து, பிளவுகளைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்புவது. மேலே கூடாரம் வேண்டாம். பதிலுக்கு ஒவ்வொரு மழைக்கு முன்னும் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும், வடிகால் தூர்வார வேண்டும். காரை போட்டுவிட்டு மறந்தால் மூன்று நான்கு பருவத்தில் பழைய கதைதான்.

சிமென்ட் வேண்டவே வேண்டாம். அது கல்லைவிட இறுக்கம், நீராவியை வெளியே விடாது, ஓதம் பக்கத்துக் கல்லுக்குத் திரும்பி அதை உதிர்க்கும். தார்ப்பூச்சும் அப்படியே. முன்பு தேவாலயங்கள் மேல் பூசியிருந்ததை 1960களின் பிற்பகுதியில் சாந்த்ரோ ஆஞ்சலினியின் குழு சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

வாட்டம்_முக்கியம்:

சிமென்ட் பாடம் மாத்தேராவுக்கும் அப்படியே பொருந்தும். கூடவே அங்கே ஒரு புது நோய்: குகை விடுதி. குகைக்குள் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 15 டிகிரி. கோடையில் விருந்தினர் ‘காற்று வரட்டும்’ என்று பகலில் கதவைத் திறந்தால், வெளியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். பகலில் மூடி, இரவில் திறப்பதுதான் முறை. கண்ணாடிக் கதவு போட்டு, ஈரமுறிஞ்சி இயந்திரத்தையும் விடாமல் ஓட்டினால் சுவர் வேகமாக உலர்ந்து உப்பை வெளியே இழுக்கும். ஓவியம் உள்ள குகையில் இதைச் செய்யவே கூடாது.

லலிபெலா ‘நீரைத் தள்ளும்’ என்று நான் சொன்னதில் ஒரு விலக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். பெத்த மரியம் முற்றத்தில் பாறையிலேயே வெட்டிய குளம் இருக்கிறது. குழந்தை வேண்டும் பெண்கள் கென்னா நாளில் கயிற்றைப் பிடித்து அதில் இறங்கி முழுகுவார்கள்.

கிராவினா_ஓரம்:

படம் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மெதனே அலெம் படத்தில் மரச்சாரமும் தகரமும் தெரிந்தால் 2008க்கு முந்தையது, பெரிய வெளிர்நிறக் கூரை தெரிந்தால் பிந்தையது. ஆண்டு போடாமல் வெளியிட்டால் இரண்டும் வேறு வேறு தேவாலயம் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். கியோர்கிஸுக்குக் கூரை போடவில்லை, அந்தப் படத்தில் சிக்கலில்லை. மாத்தேராவுக்குக் கிராவினாவின் எதிர்க்கரையான முர்ஜாவிலிருந்து எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்குள்ளிருந்து எடுத்தால் கட்டிய முகப்புதான் தெரியும், குடைவு தெரியாது.